சும்மா வருகிற வண்டி

எங்கள் கம்பெனியில் ‘ஹேண்ட் கேரி’ என்று ஒரு சொல் உண்டு. வெளியாள் கேட்டால், கைப்பையில் போட்டு எடுத்துப் போகிற ஏதோ சின்னப் பொருள் என்று நினைப்பார். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். அவசரமாக ஒரு சாம்பிள் வேண்டுமென்றால் ஓர் ஆளை பஸ்ஸில் அனுப்பி, மடியில் வைத்து எடுத்து வரச் சொல்வார்களாம். அதற்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்த ஹேண்ட் கேரி எல்லாம் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. ஒரு பெட்டியை இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்குவார்கள். உள்ளே வார்ப்பிரும்பு ஹவுசிங், மெஷின் பாகத்தை மூடுகிற கூடு. துரு ஏறாமலிருக்க எண்ணெய் பூசி அடுக்கியிருக்கும். அதற்கும் பெயர் ஹேண்ட் கேரிதான்.

வெளி ஷெட்டுகளிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, நல்லது எது கெட்டது எது என்று பிரிக்கும் இன்ஸ்பெக்‌ஷனில் எனக்கு வேலை. வீடு பாகலூரில். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எங்கள் சுபாவத்தை நிறுக்கும் தராசு ஆண்கள் கையில் இருப்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரும். அவ்வளவுதான்.

எங்களை ஏற்றி இறக்க ஒரு டெம்போ டிராவலர் உண்டு. கான்ட்ராக்டருக்குச் சொந்தம். மஞ்சள் போர்டு. ஆட்களை ஏற்ற மட்டும் பெர்மிட் வாங்கிய வண்டி. கர்நாடகப் பக்கத்தில் மாலூர் ரோட்டிலிருந்து சில பெண்களை ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டி, பாகலூரில் எங்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் வரும். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் ஹவுசிங்கைக் கடைசல் பிடித்துத் தரும் ஷெட் இருக்கிறது. முறைப்படி அந்த இரும்பு குட்டியானையில்தான் வர வேண்டும். சின்னச் சரக்கு வண்டியை இங்கே எல்லோரும் குட்டியானை என்றுதான் சொல்வோம். ஆனால் குட்டியானைக்கு வாடகை உண்டு, பில் உண்டு, காத்திருப்பு உண்டு. எங்கள் வண்டிக்கு அதெல்லாம் எதுவும் கிடையாது.

ஒருநாள் ஏறிப் பார்த்தால் கடைசி சீட்டைக் காணோம். நீளமாக நாலு பேர் உட்காரும் சீட். போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீலப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கட்டக்கூட இல்லை. பர்ச்சேஸ் பார்க்கும் அதிகாரியிடம் அன்றைக்கே போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு எல்லோருக்கும் தன் கையால் ஸ்வீட் பாக்கெட் கொடுப்பவர். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“வண்டி சும்மாதானே வருது மேடம்?”

“சும்மா வரல சார். நாங்க வர்றோம்.”

அவர் சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டார். பக்கத்து டேபிளில் இருந்த பையனிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உள்ளே உட்கார்ந்து வரும் வண்டி ஒரு மனிதருக்குச் சும்மா வருகிற வண்டியாகத் தெரிகிறது என்றால், அவர் கணக்கில் நாங்கள் யார்? மறுவாரம் மேனேஜரிடமும் சொன்னேன். பார்க்கலாம் என்றார். எங்கள் கம்பெனியில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் காரணம் கேட்டால் ஒரே பதில்தான், ‘லைன் நின்னுடும்’. நாங்கள் கொடுக்கும் பாகம் பெரிய கம்பெனியின் அசெம்பிளி லைனுக்குப் போகிறது. நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே லைன் நிற்கும். அந்த வார்த்தையைக் கேட்டால் மேனேஜர் முதல் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வரை தலைதெறிக்க ஓடுவார்கள். எங்கள் டிபார்ட்மென்டில் ஒருவருடைய மாமியார் செத்ததற்கு அரை நாள் லீவு கொடுக்க ஆயிரம் யோசித்தவர்கள், லைன் நின்றுவிடும் என்றால் சட்டம், பெர்மிட், போலீஸ் எதையும் யோசிப்பதில்லை.

எல்லையில் வண்டியை மறிப்பது உண்டு. அந்தப் பக்கம் ஏறும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். போலீஸ்காரர் எட்டிப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான், “சரக்கு இருக்கா?” எங்கள் பக்கத்தில் சரக்கு என்றால் கர்நாடகப் பாட்டில். டிரைவர், “ஒண்ணும் இல்ல சார், லேடீஸ் ஸ்டாஃப்” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. போலீஸ்காரரும் உள்ளே பெண்களாக இருப்பதைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். பெண்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியை யாரும் குடைந்து பார்க்க மாட்டார்கள் என்பது அனுப்புகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு சொன்னதை நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். வீட்டுக்குப் போய் அரிசி களையும்போதுதான் உறைத்தது. அந்த இரும்புக்குத் திரை போட எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

என் ஸ்டாப்புக்கு அடுத்த ஸ்டாப்பில் ஒரு பெண் ஏறுவாள். ஊர் நாகரசம்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்தவுடன் கான்ட்ராக்டில் சேர்ந்து, பாகலூரில் வேறு இரண்டு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அசெம்பிளியில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு. மாம்பழ சீசனில் ஊருக்குப் போய் வந்தால் வண்டி முழுக்கப் பழ வாசம் அடிக்கும். கடைசியில் ஏறுகிறவள் என்பதால் அவளுக்கு சீட் மிஞ்சாது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பெட்டிகளின் மேல் விரித்து அதில் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் அவளை மகாராணி என்று கேலி செய்வோம். “பின்ன? உங்களுக்கெல்லாம் ரெக்சின் சீட்டு. எனக்கு இரும்பு சிம்மாசனம்கா” என்பாள்.

அன்றைக்கு எங்களுக்கு மதிய ஷிப்ட். பெட்டிகள் வழக்கத்தைவிட அதிகம். கீழ் அடுக்கில் ஒரு பெட்டியின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் உயரமாக அடுக்கு. பாகலூரிலிருந்து ஓசூர் வரும் ரோட்டில், தக்காளி ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்துச் சந்திலிருந்து மூக்கை நீட்டியது. டிரைவர் பிரேக் போட்டார். நல்ல டிரைவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். வண்டி நின்றது. டிராக்டரும் நின்றது. ஒன்றை ஒன்று தொடவில்லை. வண்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. டிராக்டர்காரர் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டார். நடந்ததெல்லாம் உள்ளேதான்.

எண்ணெய் பூசிய பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தன. அவள் கீழே சரிந்தாள். அவளுடைய வலது கால் என் சீட்டின் இரும்புக் காலுக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அதன்மேல் இன்னொரு பெட்டி விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் கத்தவில்லை. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆறேழு பெண்கள் அந்தப் பெட்டியைத் தூக்கப் பார்த்தோம். நிற்க இடமில்லை. கை வழுக்கியது. ஒருத்திக்கு நகம் பெயர்ந்தது. ஹேண்ட் கேரி என்று எத்தனையோ தடவை சொன்ன பொருளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையால் தூக்கிப் பார்த்தோம். அது அசையவில்லை.

டிரைவர் பின்கதவைத் திறந்து, பெட்டியிலிருந்த ஹவுசிங்கை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டில் போட்டார். அப்புறம்தான் பெட்டி நகர்ந்தது. அவளுடைய ஷூவுக்குள் கால் எந்த வடிவத்தில் இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது மட்டும் காதில் இருக்கிறது.

“அக்கா, லைன் லீடர்கிட்ட நான் லேட்டா வருவேன்னு சொல்லிருங்கக்கா.”

நான் 108-க்குப் போன் செய்தேன். டிரைவர் பர்ச்சேஸ் அதிகாரிக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே ஒரு வண்டி வந்து நின்றது. எங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். அவளைத் தூக்கத்தான் ஓடி வருகிறார்கள் என்று நினைத்து நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய் பெட்டிகளை இறக்கித் தங்கள் வண்டியில் ஏற்றினார்கள். ரோட்டில் கிடந்த ஹவுசிங்கைக்கூடப் பொறுக்கி, துணியால் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். எதிரே ரோட்டோரத்தில் என் துப்பட்டாவால் காலைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் கிடக்கிறாள்.  

ஆம்புலன்சில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து போகும்போது போன் அடித்தது. பர்ச்சேஸ் அதிகாரி.

“மேடம், ஏதாவது அடி பட்டிருக்கா?”

“கால் நசுங்கிப்போச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்.”

“அது தெரியும் மேடம். நான் பார்ட்ஸுக்குக் கேட்டேன். நீங்க இன்ஸ்பெக்‌ஷன், பார்த்திருப்பீங்களேன்னு.”

போனை வைத்துவிட்டேன். இதை யாரிடம் சொன்னாலும், அவர் பதற்றத்தில் கேட்டிருப்பார் என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். பதற்றத்தில்தான் மனிதன் வாயில் உண்மை வரும்.

கட்டை விரலோடு சேர்த்து மூன்று விரல்களை எடுத்தார்கள். கணுக்கால் எலும்பில் கம்பி வைத்தார்கள். இனிமேல் நீண்ட நேரம் நிற்க முடியாது என்றார் டாக்டர். நின்று செய்கிற வேலையைத் தவிர வேறு வேலை எதுவும் எங்கள் லைனில் கிடையாது.

இதுவரை நடந்தது அலட்சியம். இதற்குமேல் நடந்ததுதான் அக்கிரமம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்தார். ஊசியின் மயக்கம் அவளுக்கு இன்னும் தெளியவில்லை. காலில் என்ன விழுந்தது என்று கேட்டார். அவள் கம்பெனிப் பெண். கம்பெனியில் அதற்கு என்ன பெயரோ அதைச் சொன்னாள், ஹேண்ட் கேரி சார் என்று. டிரைவரைக் கேட்டார்கள். அவரும் அதையேதான் சொன்னார். போலீஸ்காரர் பாவம், அதை நல்ல தமிழில் எழுதினார்: பயணி தன் கையில் எடுத்து வந்த பொருள் காலில் விழுந்து காயம். பெட்டிகள் ஏற்கெனவே எங்கள் ஸ்டோருக்குப் போய்விட்டன. கழற்றிய சீட் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏறிவிட்டது. போலீஸ் பார்க்கும்போது சீட் இருக்கிறது, இரும்பு இல்லை, ஒரு பெண்ணின் கால் மட்டும் நசுங்கியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்த இரும்பு அவளுடைய பையாகிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். வண்டிக்காரரான கான்ட்ராக்டருக்குப் பெர்மிட் தப்பிக்கும். பில்லில்லாமல் எல்லை தாண்டியது எது என்று கம்பெனியை யாரும் கேட்க மாட்டார்கள். விரலை இழந்தவளுக்குப் பழி மட்டும் மிஞ்சும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நாகரசம்பட்டியிலிருந்து அவளுடைய அப்பா வந்திருந்தார். மாந்தோப்பு குத்தகை பார்ப்பவர். போலீஸ் எழுதியதை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் வார்டுக்குள் நுழையும்போது அவர் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

“அவ்ளோ பாரத்த நீ ஏம்மா தூக்கிகினு போன? எவன் தூக்கச் சொன்னான் உன்ன?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற தகப்பனே நம்பிவிட்டார். நான் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெட்டி என்ன கனம் என்று கேட்டார். இரண்டு ஆண்கள் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வழக்கமான பாட்டைப் பாடினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே, நாமும் ஓசூரில்தானே சோறு தின்ன வேண்டும் என்றார். ஓணான் வேலியில் போகவில்லை, தினமும் நான் ஏறும் வண்டியில்தான் வந்துகொண்டிருந்தது என்றேன். ஒரு அடி முன்னால் சறுக்கியிருந்தால் அது என் முதுகு.  மறுநாள் காலையில் அவரே பைக்கில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டார். அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார்.

ஸ்டேஷனில் முதலில் ஒரு கூத்து நடந்தது. அந்த வண்டியில் இருந்தது அவளுடைய பை இல்லை சார், சரக்கு என்று சொன்னேன். ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை பாட்டில், எந்த ஊர்க் கடை என்று கேட்டார். இரும்பு சார், இரும்பு என்றதும் அவருடைய ஆர்வம் வடிந்துவிட்டது. பாட்டில் என்றால் பத்து நிமிஷத்தில் ஜீப்பை எடுத்திருப்பார்கள். மூன்று விரலைத் தின்ற இரும்பைப் பற்றிச் சொல்ல நான் சப்-இன்ஸ்பெக்டருக்காக மதியம் வரை பெஞ்சில் காத்திருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண்ணே ஹேண்ட் கேரி என்று சொல்லிவிட்டதே, நான் எப்படி மாற்றி எழுதுவது என்றார். அவர் கேட்டது நியாயம். அதற்கு நான் சொன்னதும் நியாயம்தான்.

“சார், ஹேண்ட் கேரின்னா கையில எடுத்துட்டு வர்றது இல்ல. கையில தூக்க முடியாததுக்குத்தான் எங்க கம்பெனியில அந்தப் பேரு.”

இதை எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா, நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்டார். போடுவேன், சொல்வேன் என்றேன். சீட் கழற்றியது, பெட்டி அடுக்கியது, கம்பெனி ஆட்கள் வந்து எடுத்துப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். நகம் பெயர்ந்தவளும் வந்து சொன்னாள். மற்றவர்கள் வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கான்ட்ராக்டில் வேலை செய்கிறவளிடம் தைரியம் கேட்பதும் ஒரு வகையில் கொடுமைதான்.

இழப்பீட்டு வழக்குப் போட ஓசூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தலை சுற்றியது. ஆட்களை ஏற்றும் பெர்மிட்டில் வியாபாரச் சரக்கை ஏற்றினால் அது விதிமீறல். அதைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கப் பார்ப்பாராம். சரக்கு இல்லை, பயணியின் பைதான் என்று வண்டிக்காரர் வாதாடுவாராம், அப்படியானால் தப்பு அவள்மேல் திரும்பும். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் பள்ளம். இந்த மாதிரி வழக்கில் இன்சூரன்ஸ்காரரையே முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு, ஆனால் அது நீதிபதி கையில் என்றார். நீங்களே சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா தான் ஏறும்போதே இன்சூரன்ஸ் இறங்கிப் போய்விட்டது என்று? வண்டியில் ஒரு நீலப் பெட்டி ஏறுகிற நிமிஷத்தில், உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்கள் எல்லோருடைய பாதுகாப்பும் இழுபறியாகிவிடுகிறது. இதை எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை. ஹெல்மெட் போடு, கண்ணாடி போடு, ஷூ போடு என்று சுவர் முழுக்கப் படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கு உள்ளேதான் எங்களுக்கு உயிர் உண்டுபோல.

அதன்பிறகு எனக்கு நடந்தது எதிர்பார்த்ததுதான். பர்ச்சேஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, என் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று அன்பாக விசாரித்தார். டீ நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து தூக்கி, பிசிறு தேய்க்கும் மூலையில் போட்டார்கள். வண்டி என் ஸ்டாப்பில் நிற்பதில்லை. ரூட் மாறிவிட்டதாம். இப்போது டவுன் பஸ்ஸில் போகிறேன். நோட்டீஸ் போர்டில், ஸ்டாஃப் வண்டியில் ஹேண்ட் கேரி கண்டிப்பாகத் தடை என்று ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் நிஜமாகவே ஒழிந்துவிட்டது. இப்போது அதே நீலப் பெட்டிக்கு ‘ட்ரையல் பீஸ்’ என்று பெயர்.

டிரைவர் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ஏனு மாடோது அக்கா” என்றார். என்ன செய்வது என்று. ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் சாவியைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்துவிடுவார்கள், கோர்ட்டில் வாயைத் திறந்தாலும் அதேதான் என்றார். கேஸ் அவர் பேரில்தான் இருக்கிறது, லைசென்ஸும் அவருடையது. ஏற்றச் சொன்னவர் பெயர் எதிலும் இல்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். முடியவில்லை. கோர்ட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். வரவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். கைத்தடி இருந்தது. வலது செருப்பின் முன்பக்கத்தில் பஞ்சு அடைத்திருந்தாள். வண்டியில் வாய் ஓயாமல் பேசியவள் வெளியே பெஞ்சில் அந்தப் பஞ்சைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.  முதலில் நான் சாட்சி சொன்னேன். கம்பெனிமேல் எனக்கு ஏதோ பகை என்று நிரூபிக்க வண்டிக்காரரின் வக்கீல் ரொம்பப் பாடுபட்டார். பகை இருக்கிறது சார், ஆனால் இது நடந்ததற்கு அப்புறம் வந்தது என்றேன்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். நின்று சொல்ல வேண்டாம், உட்காருங்கள் என்றார் நீதிபதி. அவள் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நீயே ஹேண்ட் கேரி என்று சொன்னாயா என்று வக்கீல் கேட்டார். சொன்னேன் என்றாள். அது எல்லோரும் சொல்கிற பெயர், என்னுடைய பொருள் இல்லை என்றாள். வக்கீல் குரலை மாற்றிக்கொண்டார். சரி, உன்னுடையது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கட்டாமல் அடுக்கிய இரும்பு என்று தெரிந்துதானே தினமும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாய்? படித்த பெண்தானே? ஆபத்து என்று தெரிந்த வண்டியில் ஏன் ஏறினாய்? யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இறங்கி டவுன் பஸ்ஸில் போயிருக்கலாமே?

அவருக்கு நல்ல கேள்வி கேட்டுவிட்ட திருப்தி.  எழுந்து நான் பதில் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். வக்கீலைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த வண்டி எங்களுக்கு விட்டது இல்லீங்க. இரும்புக்கு விட்டது. இரும்பு வரலன்னா லைன் நின்னுடும். நான் வரலன்னா நிக்காது.”

வக்கீல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லும்மா என்றார். அவள் ஒவ்வொரு வார்த்தையாக, அவர் அடித்து முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள்.